கப்பலில் ஒரு பொய் நோன்பு

கப்பல் கிளம்பியது எனக்குத் தெரியவே இல்லை. ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கிரேன் மெதுவாக இடப்பக்கம் போயிற்று. அட, கிரேன் எப்படி நடக்கும் என்று யோசித்தேன். பிறகுதான் நடப்பது நாங்கள் என்று புரிந்தது. அந்த மூன்று நாளும் எனக்கு அப்படித்தான் இருந்தது. எது நகர்கிறது, எது நிற்கிறது என்று சரியாகப் பிடிபடவில்லை. இப்போது கள்ளக்குறிச்சியில் கடைக்குள் உட்கார்ந்து, மகள் வாங்கிக் கொடுத்த போனில் பேசிப் பேசி இதை எழுத்தாக்கும்போதும் பாதி கனவு மாதிரிதான் வருகிறது. பேனா பிடித்து எழுதலாமே என்று கேட்காதீர்கள். அதுதான் கதையே.

என் வலது கை ஆடும். நரம்புக் கோளாறு. உயிருக்கு ஒன்றுமில்லை, மாத்திரை போட்டால் கொஞ்சம் அடங்கும், முழுசாக நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மடியில் வைத்திருந்தால் நல்ல பிள்ளையாக இருக்கும். ஒரு கவளத்தை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் அதற்குப் பைத்தியம் பிடிக்கும். பாதி வாய்க்கு வரும், பாதி சட்டைக்குப் போகும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தியாகதுருகத்தில் ஒரு நிக்காஹ். பந்தியில் என் பக்கத்தில் இருந்தவருடைய வெள்ளைச் சட்டையில் தால்ச்சாக் குழம்பைக் கொட்டிவிட்டேன். அதையாவது பொறுத்திருப்பேன். எதிரில் இருந்த என் மச்சான் மகன் எழுந்து வந்து, பந்தியே பார்க்க, "நான் ஊட்டி வுடட்டுங்களா மாமா?" என்று கேட்டான். நல்ல எண்ணத்தில்தான் கேட்டான், பாவம். எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முப்பது வருஷமாகப் பாத்திரக் கடை வைத்து, ஊருக்கே தட்டும் டம்ளரும் விற்றவன் நான். எனக்கு ஊட்டிவிடுவதா? அப்படியே எழுந்து கை கழுவிவிட்டு வந்தேன். அதோடு சரி. அதற்குப் பிறகு கல்யாணம் இல்லை, விருந்து இல்லை, கடையில் நாலு பேர் முன்னால் ஒரு டீ கூட இல்லை. வீட்டில் உள் அறையில் ஸ்டூல் போட்டு, மடியில் துண்டு விரித்து, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவேன். மனைவி தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். மனிதர் முன்னால் இனி ஒரு பருக்கை சோறு தின்பதில்லை என்பது என் வீம்பு.

மகள் சென்னையில் இருக்கிறாள். எங்கள் ஊர் டிராவல்ஸ்காரர் ஒருவர் நாற்பது பேரைச் சேர்த்துக் கப்பலில் கூட்டிப்போகிறார் என்று கேள்விப்பட்டு, என்னைக் கேட்காமலே இரண்டு பேருக்குப் பதிந்துவிட்டாள். நான் குதித்தேன். "அத்தா, சாப்பாடு ரூமுக்கே வரும்த்தா. நீங்க யார் மூஞ்சியும் பாக்க வேணாம். அம்மாவுக்காகப் போய்ட்டு வாங்கத்தா" என்றாள். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஏறினேன்.

ஏறி ஒரு மணி நேரத்தில் டிராவல்ஸ்காரர் வந்து ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தார். குரூப் டிக்கெட்டுக்கு அறைக்குச் சாப்பாடு அனுப்ப மாட்டார்களாம். மேசை நம்பர் போட்டிருக்கும், அங்கேதான் உட்கார வேண்டும், முதல் பந்தி ஐந்தரை மணிக்கு. மகளைக் கூப்பிட்டுக் கத்தலாம் என்றால் டவர் இல்லை.

"நீ போய்ச் சாப்பிட்டு வா. எனக்குப் பசியில்ல" என்றேன் மனைவியிடம்.

"முன்ன பின்ன தெரியாதவங்க மத்தியில நான் மட்டும் போய் இன்னாங்க பண்றது? சும்மா வந்து உக்காருங்க, போதும்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து, சரி என்று கிளம்பினேன்.

சாப்பாட்டுக் கூடம் தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தது. நீளமான கண்ணாடி ஜன்னல்கள். வெளியே கடல் பழுப்பும் பச்சையுமாக ஓசையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கரை எப்போது மறைந்தது என்று தெரியவில்லை. சாயங்கால வெயில் மேசைகள் மேல் சாய்ந்து கிடந்தது. எங்கோ கீழே எஞ்சின் ஓடும் அதிர்வில் கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. எல்லார் தம்ளரிலும்தான். அதைப் பார்த்தபோது எனக்கு ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நாலு பேர் மேசை. எதிரில் ஏற்கெனவே ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு என்னைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். கட்டை மீசை, அகலமான தோள். "வாங்க பாய், வாங்க. நமக்குக் கச்சிராயபாளையம். கவர்மென்ட் பஸ்ல டிரைவரா இருந்து ரிட்டையர் ஆனவன். மலை ரூட்டுலயே இருவது வருசம்" என்றார். பக்கத்தில் அவர் மனைவி. மலையில் வெள்ளிமலைப் பக்கம் பிறந்தவராம். புதுப் புடவையின் மடிப்பு கலையாமல் நேராக உட்கார்ந்திருந்தார். கச்சிராயபாளையத்துக்கும் எங்கள் ஊருக்கும் எத்தனை தூரம் என்கிறீர்கள்? அவ்வளவு பக்கத்தில் இருந்தும் இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசியதில்லை. கடலுக்கு நடுவில் வந்துதான் அறிமுகம்.

சோறு, பருப்பு, கோஸ் பொரியல், அப்பளம், பெரிய தட்டில் வறுத்த மீன் எல்லாம் மேசைக்கு வந்தன. மீன் வாசனை ஆளைத் தூக்கியது. மத்தியானம் அறையில் ஒளிந்து ஒரு பன்னு தின்றதுதான், வயிறு கபகப என்றது. டிரைவர் என் தட்டைப் பார்த்தார்.

"இன்னா பாய், எடுத்துப் போடுங்க. கூச்சப்பட்டுக்கினு."

"இல்லைங்க. எனக்கு வேணாம்."

"ஏன், ஒடம்பு சரியில்லியா?" என்றார் அந்த அம்மாள்.

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "நான் இன்னிக்கு நோன்புங்க" என்றேன்.

பக்கத்தில் மனைவி சட்டென்று என் பக்கம் திரும்பியது தெரிந்தது. நான் கடலைப் பார்த்தேன்.

நான் நினைத்தது என்ன? ஓகோ, நோன்பா, சரி பாய் என்று சொல்லிவிட்டு அவர்கள் பாட்டுக்குச் சாப்பிடுவார்கள், நான் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடலாம். அவ்வளவுதான் என் கணக்கு. ஆனால் டிரைவர் கையில் எடுத்த அப்பளத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"அடடா. நோன்பு இருக்கறவரு முன்னாடி ஒக்காந்து நாங்க எப்பிடிங்க திங்கறது? மணி இப்ப இன்னா, அஞ்சே முக்கால். பொழுது சாய இன்னும் அரை மணி நேரம் இருக்குமா? இருக்கட்டும், சேந்தே சாப்பிடலாம்."

"ஐயோ, வேணாங்க! நீங்க சாப்பிடுங்க! ஆறிடும்!"

"ஆறுனா ஆறட்டும்" என்றார் அந்த அம்மாள். சொன்னதோடு நிற்கவில்லை. காலித் தட்டுகளை எடுத்து மீன் மேலும் சோற்றின் மேலும் கவிழ்த்து மூடினார். பரிமாறுகிறவர் வந்து ஏன் என்று கேட்டார். "பெரியவரு நோன்பு. பொழுது சாஞ்சாதான்" என்று அவருக்கும் விளக்கம் சொல்லி அனுப்பினார்.

மனைவி என் தொடையில் கிள்ளினாள். நல்ல கிள்ளு. குனிந்து செருப்பைச் சரிசெய்கிற மாதிரி என் காதில் சொன்னாள்: "மத்தியானம் பன்னு தின்ன வாயி. பயணத்துல நோன்பு கடமையில்லன்னு இவங்களுக்குத் தெரியாது. அல்லாவுக்குத் தெரியும்."

இன்னும் அரை மணி நேரத்தில் சூரியன் விழும். விழுந்ததும் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் எடுத்துச் சாப்பிட்டால்தான் அவர்கள் சாப்பிடுவார்கள். யாரும் என் கையைப் பார்க்கக் கூடாது என்று சொன்ன பொய், எல்லார் கண்ணையும் இழுத்துக்கொண்டு வந்து என் கைமேலேயே வைத்துவிட்டது. இப்படியும் ஒரு மடையன் உண்டா!

டிரைவர் பேசத் தொடங்கினார். பொழுது போக வேண்டுமே என்று பேசினார் என்று நினைக்கிறேன்.

"ரம்ஜான் மாசத்துல வெள்ளிமலை சந்தை முடிஞ்சி நம்ம பாய்ங்கல்லாம் சாயங்கால டிரிப்ல ஏறுவாங்க. மல எறங்கறப்ப பாதியிலயே பொழுது சாஞ்சிடும். ஒரு வளைவு இருக்குது, அங்க கொஞ்சம் எடம் ஜாஸ்தி. நான் அங்க வண்டிய ஓரங்கட்டிட்டு எஞ்சின ஆப் பண்ணிடுவன். ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. அவங்க நோன்பு தொறந்துட்டு வண்டில இருக்கற அத்தினி பேருக்கும் பேரீச்சம்பழம் குடுப்பாங்க. எனக்கும் வரும். அப்பறம்தான் வண்டி எடுப்பன். இருவது வருசத்துல ஒரு நாளும் நான் அத தவற வுட்டது இல்ல பாய்."

அந்த வளைவு எனக்குத் தெரியும். இள வயசில் அலுமினியக் குண்டான்களைக் கயிற்றில் கோத்து, பஸ் கூரையில் கட்டிக்கொண்டு நானும் அந்தச் சந்தைக்குப் போயிருக்கிறேன். வரும்போது பாத்திரத்துக்குப் பதில் சாமையும் கடுக்காயும் புளியும் மூட்டையாக வரும். கண்ணை மூடினால் அந்த பஸ் நின்ற இடம் தெரிந்தது. எஞ்சின் நின்றதும் மலை முழுக்க ஒரு அமைதி இறங்கும். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து ஜன்னல் கம்பிகளைத் தொடும். அடுப்புப் புகை வாசனை எங்கிருந்தோ வரும். அந்த அமைதிக்குள் யாரோ ஒரு பேரீச்சம்பழத்தை என் உள்ளங்கையில் வைப்பார்கள். கண்ணைத் திறந்தால் மேசை, கடல், வெயில். மறுபடி மூடினால் மலை. கப்பல் லேசாகச் சாய்ந்தபோது பஸ் வளைவில் திரும்புகிறது என்றே நினைத்தேன். பசி மயக்கமா, கடல் மயக்கமா, தெரியாது. அந்த அரை மணி நேரத்தில் கொஞ்ச நேரம் நான் பயத்தையே மறந்துவிட்டேன் என்பது மட்டும் நிஜம்.

"அந்த பஸ்ல நானும் வந்திருக்கேங்க" என்றேன்.

"அப்பிடியா! அப்ப கண்ணாடில ஒங்க மூஞ்சிய நான் பாத்துதான் இருப்பன்" என்று சிரித்தார். "நீங்க என் முதுகத்தான் பாத்திருப்பீங்க."

இதற்குள் விஷயம் பக்கத்து மேசைகளுக்குப் போய்விட்டது. எல்லாரும் டிராவல்ஸ்காரர் கூட்டிவந்த கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கூட்டம்தானே. பாய் நோன்பாம், பாய் நோன்பாம் என்று கிசுகிசுத்தது காதில் விழுந்தது. சங்கராபுரத்துக்காரம்மா ஒருவர் டிபன் பாக்ஸில் பேரீச்சம்பழம் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். இரண்டு மேசைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அல்லாவே, இதென்ன சோதனை என்று இருந்தது.

சூரியன் பெரிதாகி, சிவந்து, நீரைத் தொட்டது. கூடம் முழுவதும் செம்மண் நிறமாகிவிட்டது. டிரைவர் எழுந்து ஜன்னலில் முகம் வைத்துப் பார்த்தார். "இன்னும் கொஞ்சூண்டு இருக்குது... கொஞ்சூண்டு... ம், போயிடிச்சி. பாய், தொறங்க" என்றார்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நோன்பு திறக்கும் முன் அல்லாவிடம் துஆ கேட்க வேண்டும். பழக்கத்தில் என் இரண்டு கைகளும் தானாக மேலே எழுந்தன. வலது கை ஆட ஆரம்பித்தது. உன் மீது நம்பிக்கை வைத்தேன், உனக்காக நோன்பு பிடித்தேன் என்று சொல்ல வேண்டிய வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. வாய் திறக்கவில்லை. மனிதர்களிடம் சொன்ன பொய்யை அவனிடமும் போய்ச் சொல்லவா?

கைகளைக் கீழே இறக்கினேன்.

"நான் நோன்பு இல்லைங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "நோன்பு இல்ல. பொய் சொல்லிட்டேன். சாப்பிடறப்ப கை ஆடுது. எல்லாம் சிந்துது. உங்க முன்னாடி சாப்பிட வெக்கமா இருந்துச்சு. அதுக்குத்தான்."

டிரைவர் நின்றபடியே இருந்தார். நான் எதிர்பார்த்தது இரக்கம். இரண்டு வருஷமாக நான் பயந்து ஓடியதே அதற்குத்தான். ஆனால் அவர் முகத்தில் இருந்தது கோபம்.

"நோன்புன்னு சொல்லிப் பொய் சொல்லலாமா பாய்?" என்றார். "வேற எத வேணா சொல்லியிருக்கலாம். வயித்து வலின்னு சொல்லியிருக்கலாம். நோன்பு உங்க சாமி காரியம். நான் இருவது வருசம் அதுக்காவ வண்டிய நிறுத்தனவன். என்னப் போய் ஏமாத்திட்டீங்களே."

அவர் சொன்னது அத்தனையும் சரி. தலையைக் குனிந்துகொண்டேன். எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அப்போதுதான் மனைவி பேசினாள். பொய் சொன்னதற்கு என்னைக் கிள்ளியவள், அறைக்குப் போனதும் என்னை உண்டு இல்லை என்று ஆக்கப்போகிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் என்னிடம் பேசவில்லை. டிரைவரின் மனைவியைப் பார்த்துப் பேசினாள்.

"தப்புதாங்க்கா. பெரிய தப்பு. ஆனா ரெண்டு வருசமா இவரு யாரு முன்னாடியும் சாப்பிடறது இல்ல. எம் முன்னாடியும்தான். தட்ட வெச்சிட்டு நான் போயிடணும். கதவச் சாத்திக்குவாரு. பொண்ணையும் கட்டிக் குடுத்தாச்சி, வூட்ல இருக்கறது ரெண்டே பேரு. நான் அடுப்பங்கரையில நின்னுக்கினே நாலு வாயி திம்பேன். உக்காந்து தின்னா அழுகை வருது. சில நாளு அதுவும் வேணாம்னு தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக்குவேன். கப்பல்ல மேசை போட்டு நாலு பேரா சாப்பிடணும்னு சொன்னாங்களா, எனக்கு அவ்ளோ சந்தோசமா இருந்துச்சு. நாலு பேரோட உக்காரலாமேன்னு."

அவள் குரல் ஏறவும் இல்லை, அழவும் இல்லை. விலை சொல்கிற மாதிரி சொன்னாள். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவள். கன்னம் ஒட்டியிருந்தது. வளையல்கள் முழங்கைவரை தொளதொளத்துக் கிடந்தன. இது எப்போது ஆயிற்று? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. என் கையைத் தவிர வேறு எதையும் நான் பார்த்திருக்கவில்லை.

டிரைவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மூடியிருந்த தட்டுகளை எடுத்தார்.

"சரி, பசிக்குது. சாப்பிடலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

"ஆமா, மொதல்ல சாப்பிடுங்கய்யா" என்றார் அவர் மனைவி. எல்லார் தட்டிலும் அந்த அம்மாளே சோறு போட்டார். என் தட்டிலும் போட்டார், எல்லாருக்கும் போட்ட அதே அளவு. மீனில் முள் எடுத்துத் தரட்டுமா, ஸ்பூன் வேணுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்காக அவர்களுக்கு நான் காலமெல்லாம் நன்றி சொல்வேன்.

சோற்றைப் பிசைந்து எடுத்தேன். கை அதன் வேலையைக் காட்டியது. முதல் கவளத்தில் பாதி மேசை விரிப்பில் விழுந்தது. இரண்டாவது பரவாயில்லை. பருப்பு மணிக்கட்டு வழியாக ஓடிச் சட்டைக் கைக்குள் போயிற்று. டிரைவர் பார்த்தார். பார்க்காத மாதிரி நடிக்கவில்லை. பார்த்துவிட்டு மீனைப் பிய்த்துத் தின்றார். கோபம் அவருக்கு முழுசாகப் போகவில்லை. போக வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. வெளியே கடல் நாவல் பழ நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. கூடத்தில் விளக்குகளைப் போட்டார்கள்.

பக்கத்தில் மனைவியும் அந்த அம்மாளும் பேச ஆரம்பித்திருந்தார்கள். மலையில் சாமைச் சோற்றுக்கு எந்தக் குழம்பு பொருந்தும், எங்கள் வீட்டில் மீனுக்கு எது அரைப்போம், இந்தக் கப்பல்காரனுக்கு உப்புப் போடத் தெரியவில்லை. மனைவி ஏதோ சொன்னாள், அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுப் பிசைந்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணைப் பாதி மூடி, அவசரமே இல்லாமல் மென்றாள். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். அது தீர்ந்ததும் மறுபடியும் கேட்டாள். நான் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சாப்பிடுவதைப் பார்த்து எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.